மொரிஸ் மைனரின் வெடித்த குமிழும் உப்பிய கதவுப் பலகையும்: கொழும்பிலேயே செய்துகொள்ள முடியுமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. வெள்ளவத்தையில் இருக்கிறார். அப்பா ஓடிய 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு. தகர வேலையும் பெயின்டும் முடிந்து, இப்போது உள்வேலையில் நிற்கிறார். டாஷ்போர்டில் பிடித்து இழுக்கிற குமிழ்களில் இரண்டு வெடித்திருக்கின்றன, ஒன்று காணாமல் போய்விட்டது. கதவுகளின் உள்பலகைகள் உப்பி நெளிந்துவிட்டன. கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிகளில் குரோம் கொப்பளித்திருக்கிறது. கதவோரத்து றப்பர் கைபட்டாலே உதிர்கிறது. ஒரு கடையில் "கொண்டு வாங்க, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி த்ரீடி பிரிண்ட் அடிச்சுத் தாறம்" என்றார்களாம். நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

பிரிண்ட் அடிக்கலாமா என்பது இதில் சின்னப் பகுதிதான். செய்து வைக்கிற பாகம் அசல் மாதிரி தெரியுமா, காலி வீதியோரத்து வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாலைந்து வருடமாவது நிற்குமா, அதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்களா, இல்லை இங்கிலாந்திலிருந்து எடுக்கத்தான் வேண்டுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பிளாஸ்டிக், றப்பர் அச்சு வேலை பயின்றவன். பிறகு பழைய கார்களின் உள்வேலைக்கு வந்து அதிலேயே தங்கிவிட்டேன். எஞ்சின், வயரிங் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். உள்வேலையிலும் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அதனால் எது உறுதி, எது என் கணிப்பு என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது மைனர் என்பது பெரிய அதிர்ஷ்டம். 1948 முதல் 1971 வரை செய்த கார் அது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதலாவது பிரித்தானியக் காரும் அதுதான். அவ்வளவு கார்கள் ஓடியதால் இன்றும் இங்கிலாந்தில் அதற்கென்றே புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றோடு சேர்ந்து, இலங்கையிலேயே மைனருக்கான தகரப் பாகங்கள் செய்து அங்கே அனுப்பியிருக்கிறார்கள். இங்கே கை இல்லை, திறமை இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆகவே எதையும் நகல் செய்ய முன் அது புதிதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கப்பல் செலவு, சுங்க வரி, 2022க்குப் பிறகு ரூபாய் இருக்கிற நிலை எல்லாம் சேர்ந்து பயமுறுத்தும்தான். ஆனாலும் பாரம் குறைந்த, சின்னப் பொதியில் அடங்குகிற பொருளை வாங்குவது பல சமயம் இங்கே செய்வதைவிட மலிவு. கதவுப் பலகை மாதிரிப் பெரிய, பொதி செய்யக் கடினமான பொருளை இங்கேயே செய்வதுதான் புத்தி. ஹில்மன், வூல்ஸ்லி வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இவ்வளவு இல்லை. அவர்கள் பெரும்பாலும் நகல் செய்தே ஆக வேண்டும்.

இனிக் குமிழ்களுக்கு வருவோம். ஸ்கேன், பிரிண்ட் பற்றி யோசிப்பதற்கு முன்பு, அது என்ன பொருள் என்று கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்து உள்பாகங்களில் பேக்கலைட், செலுலோஸ் அசிட்டேட், பின்னால் வந்த ஏ.பி.எஸ், பி.வி.சி என்று பல பிளாஸ்டிக் வகைகள் கலந்து கிடக்கும். ஒரே காரில்கூட பழைய உரிமையாளர் எங்கோ கழற்றி மாட்டியது இருக்கலாம். உதிர்ந்த துண்டு ஒன்றை எடுங்கள். அதில் உலோகமோ காற்றுக் குமிழியோ இருக்கக்கூடாது. வெறும் தண்ணீரில் மிதந்தால் அது பொலிதீன் அல்லது பொலிபுரொப்பிலீன். அப்படியானால் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. தண்ணீரில் தாழ்ந்தால், உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். ஏ.பி.எஸ் என்றால் அதில் மிதக்கும். பேக்கலைட், அசிட்டேட், பி.வி.சி மூன்றும் தாழும். பிறகு ஊசி ஒன்றைச் சூடாக்கிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குத்துங்கள். பேக்கலைட் உருகாது, ஊசி இறங்காது, கார்போலிக் மணம் வரும். மற்றவை இளகும். வினாகிரி மணம் என்றால் பெரும்பாலும் அசிட்டேட். கற்பூர மணம் வந்தால் அது செலுலோயிட், மளமளவென்று பற்றிக்கொள்ளும். ஆகவே நெருப்புச் சுடரைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். அசிட்டோன் போட்டுப் பார் என்று சிலர் சொல்வார்கள். அது ஏ.பி.எஸ்ஸையும் கரைக்கும், அசிட்டேட்டையும் கரைக்கும். அதனால் அது மட்டும் போதாது. இந்தச் சோதனைகள் ஆய்வுகூட முடிவுக்குச் சமமல்ல. ஆனால் வேலைக்குப் போதும்.

இது ஏன் முக்கியம் என்றால், வெடித்த ஏ.பி.எஸ் பாகத்தை அதே பிளாஸ்டிக்கின் சீவலை அசிட்டோனில் கூழாக்கி ஒட்டினால் உண்மையிலேயே ஒன்றாகச் சேர்ந்துவிடும். பேக்கலைட் அப்படிச் சேராது. அதற்கு எபொக்சி என்கிற இரு பகுதிப் பசைதான். கறுப்புச் சாயம் கலந்த எபொக்சியால் வெடிப்பை நிரப்பி, வோட்டர் பேப்பரால் இழைத்து மெருகேற்றினால் நகல் செய்ய வேண்டிய தேவையே வராது. என் விருப்பம் எப்போதும் இதுதான். அசல் பாகம் பாதி உயிரோடு இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். உங்கள் அப்பா பிடித்து இழுத்த குமிழ் அது. அதை எறிந்துவிட்டுப் பளபளப்பான புதுசு போடுவதை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. ஒரு எச்சரிக்கை: பழைய பேக்கலைட் கலவைகள் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் சேர்த்திருக்கிறார்கள். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் வைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

காணாமல் போன குமிழைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பலருக்கு இது தோன்றுவதில்லை, வட்டமான பொருளுக்கு ஸ்கேனரும் வேண்டாம், அச்சும் வேண்டாம். பஞ்சிகாவத்தை, மெசெஞ்சர் வீதிப் பக்கம் லேத் பட்டறை ஒன்றில் கறுப்பு அக்ரிலிக் அல்லது பேக்கலைட் வகைக் கம்பியிலிருந்து கடைந்து எடுக்கலாம். இருக்கிற நல்ல குமிழை வேர்னியரால் அளந்து, வளைவுக்கு ஒரு தகட்டு மாதிரி வெட்டிக் கொடுத்தால் நல்ல கடைசல்காரர் அச்சொட்டாகச் செய்வார். டெல்ரின் என்கிற வழுக்கும் பிளாஸ்டிக் கம்பி தருகிறேன் என்றால் யோசியுங்கள். கடைவதற்கு அருமையான பொருள்தான், ஆனால் அதில் பெயின்டும் நிற்காது, பசையும் பிடிக்காது. மேலே உள்ள எழுத்தைக் கோப்பையிலும் கேடயத்திலும் பெயர் வெட்டுகிற கடைகளில் பொறிக்கலாம். பொறித்த பள்ளத்தில் வெள்ளை எனாமல் பூசி, அரைகுறையாக உலர்ந்ததும் தட்டையான அட்டையால் குறுக்கே வழித்தால் எழுத்து மட்டும் நிற்கும். மற்றக் குமிழ்களில் எழுத்து மஞ்சளித்திருக்கும். புதியதற்கும் வெள்ளையில் துளி மஞ்சளும் பழுப்பும் சேர்த்தால் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும்.

வட்டமில்லாத பாகங்களுக்கு, அதாவது வளைந்த பட்டிகள், மூடிகள், தட்டுகளுக்கு, சிலிக்கோன் றப்பரில் அச்சு எடுத்து, அதற்குள் ரெசின், அதாவது இறுகுகிற திரவப் பிளாஸ்டிக், ஊற்றுவதுதான் வழி. இங்கேதான் பணமும் நேரமும் வீணாவதை அதிகம் பார்த்திருக்கிறேன். ஸ்கேனோ சிலிக்கோனோ, இரண்டுக்கும் கண் ஒன்றுதான்: வைத்ததை அப்படியே எடுக்கும். தேய்ந்த விளிம்பும், வெடிப்பும், வெயிலில் வந்த வளைவும் சேர்ந்தே வரும். கடைக்காரர் "ஸ்கேன் பண்ணித் தாறம்" என்றபோது, தேய்ந்ததைத் தேய்ந்த மாதிரியே தருவதாகத்தான் சொல்லியிருக்கிறார், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். பளபளக்கிற கறுப்புப் பொருள் ஸ்கேனருக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. மேலே வெள்ளைப் பொடி தூவித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே முதலில் ஒரு மூலப் பாகத்தைத் தயார் செய்யுங்கள். இருப்பவற்றில் மிக நல்லதை எடுங்கள். இடது பக்கத்தில் ஒரு முனை நல்லதாகவும் வலது பக்கத்தில் மற்ற முனை நல்லதாகவும் இருந்தால் இரண்டையும் வெட்டிச் சேர்க்கவும் தயங்க வேண்டாம். வளைந்திருந்தால் காரிலேயே பொருத்தி, ஸ்க்ரூ போட்டு நேராக்கிப் பாருங்கள். குறைந்த இடங்களைப் பட்டி, அதாவது நிரப்புகிற புட்டி, போட்டுக் கட்டி, பிறகு 400, 800, 1200 என்று படிப்படியாக வோட்டர் பேப்பரால் தேயுங்கள். தோல் மாதிரி நரம்பு விழுந்த மேற்பரப்பு என்றால், தேயாத இடம் ஒன்றிலிருந்து மெல்லிய சிலிக்கோன் தோல் எடுத்து, பட்டி போட்ட இடத்தில் ஈரமான மெல்லிய எபொக்சிப் பூச்சின் மேல் அழுத்தி வைத்தால் அந்த நரம்பு அங்கேயும் விழும். முழுவதும் செய்து முடித்ததும் ஒரே நிறத்தில் பிரைமர் அடித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நாள் முழுக்க இதிலேயே போனாலும் போகட்டும். மூலம் நன்றாக இருந்தால் ஊற்றுவது கடினமில்லை. மூலம் மோசமென்றால் எவ்வளவு விலை கூடிய ரெசினும் அதைத் திருத்தாது.

சிலிக்கோனில் இரண்டு வகை. தகரச் சேர்மத்தால் இறுகுகிறது ஒன்று, பிளாட்டினத்தால் இறுகுகிறது மற்றொன்று. முதல் வகை மலிவு, எதன் மேலும் இறுகும். ஆனால் நாள் போகப் போகச் சுருங்கும், ஒரு வீதம் வரைகூடப் போகும். 25 மில்லிமீற்றர் மூடிக்கு அது கால் மில்லிமீற்றர், யாருக்கும் தெரியாது. 400 மில்லிமீற்றர் பட்டிக்கு அது 4 மில்லிமீற்றர். ஸ்க்ரூ ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. நீளமான பாகம் என்றால் பிளாட்டின வகைதான். அது சுருங்குவது மிகமிகக் குறைவு. ஆனால் அது எல்லாவற்றோடும் ஒத்துப்போகாது. கந்தகம் உள்ள பொருள் பட்டால் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். கந்தகம் போட்டு வேகவைத்த றப்பர், சில வகைக் களிமண் எல்லாம் இதில் சேரும். சரியாக இறுகாத ரெசின் பிரிண்ட் பட்டாலும் இதே கதைதான். பெடலின் பழைய றப்பர் மேல் பிளாட்டினச் சிலிக்கோன் ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள் காத்திருந்துகொண்டே இருப்பார்கள். எப்போதும் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஊற்றுவதற்குப் பொதுவாக இரு பகுதிப் பொலியூரிதேன் ரெசின். இங்கே கொழும்பின் காற்றுத்தான் எதிரி. அந்த ரெசினின் ஒரு பகுதியிலுள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். நம் ஈரப்பதத்தில் மூடியைத் திறந்து வைத்தாலே போதும், வார்ப்பு முழுக்க நுண்ணிய குமிழிகள் வந்துவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் அழகாக வருவது இங்கே சோடாவாகப் பொங்குவது இதனால்தான். மழை நாளில் ஊற்றாதீர்கள். ஏசி அறையில், அச்சை 50 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி உலர்த்திவிட்டு, அது ஆறும் முன் ஊற்றுங்கள். சாயம் சேர்த்தால் ரெசினுக்கென்று உள்ள சாயமே வேண்டும், தண்ணீர் கலந்த எதுவும் கூடாது. அழுத்தப் பாத்திரம் இருக்கிறவரிடம் செய்ய முடிந்தால் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் இறுக விடலாம். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுங்கிவிடும். பெயின்ட் அடிக்கிற பானையை அதற்கெனப் பரிசோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம், வெடித்தால் உயிருக்கு ஆபத்து. ஐசோசயனேட் மூச்சுக்குழாய்க்கும் கெடுதி. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் இருப்பதே நல்லது.

பொலியெஸ்டர் ரெசின், அதாவது ஃபைபர் கிளாஸ் வேலைக்கு எடுக்கிற சாமான், எங்கும் கிடைக்கும், மலிவு. பலர் அதையே ஊற்றுகிறார்கள். இறுகும்போது நன்றாகச் சுருங்கும், மெல்லிய இடங்களில் வெடிக்கும். பெரிய தட்டையான பாகத்துக்குக் கண்ணாடி நார்ப் பாயோடு சேர்த்துப் போட நல்லது. சின்ன நுணுக்கமான பாகத்துக்கு வேண்டாம்.

இப்போது பிரிண்ட். பி.எல்.ஏ என்கிற சாதாரண இழையில் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் கண்ணாடி மூடி நிற்கிற காரின் டாஷ்போர்ட் மேற்பரப்பு 70 பாகையைத் தாண்டுவது சாதாரணம். பி.ஈ.டி.ஜி இழை 80 பாகை அளவில் நிற்கும், அதுவும் கண்ணாடியோரத்துக்குப் போதாது. ஏ.பி.எஸ், ஏ.எஸ்.ஏ இழைகள் இரண்டும் 100 பாகை அளவுவரை தாங்கும். அதிலும் ஏ.எஸ்.ஏ வெயிலுக்கென்றே செய்தது. ரெசின் பிரிண்ட் பார்க்க மிக அழகு. ஆனால் சாதாரண வகை வெப்பத்தில் தளரும், வெயிலில் நொறுங்கும். இதே கேள்வியை ஊற்றுகிற பொலியூரிதேனிடமும் கேளுங்கள், பலர் கேட்பதில்லை. மலிவான வகைகள் சில 50 பாகைக்கே வளையும். வாங்கும்போது விவரத்தாளில் எத்தனை பாகையில் வளையும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மைனரில் குமிழ்கள் நிமிர்ந்த முகத்தில் இருப்பதால் டாஷ்போர்ட்டின் மேல்புறம் அளவுக்குச் சூடாகாது. ஆகவே நல்ல ஏ.எஸ்.ஏ பிரிண்ட் ஒன்று அங்கே நெடுங்காலம் நிற்கும் என்பது என் கணிப்பு. கணிப்புத்தான், உத்தரவாதம் இல்லை. பிரிண்டின் உண்மையான பயன் வேறு. எங்குமே இல்லாத பாகத்துக்கு மூலம் செய்ய அதை விடச் சிறந்த வழி இல்லை. அடித்து, பட்டி போட்டு, தேய்த்து, அதிலிருந்து அச்சு எடுத்து ஊற்றுங்கள். படிப்படியான கோடுகள் தெரியும் பிரிண்டை அப்படியே காரில் மாட்டினால் 1959 மாதிரி இருக்காது.

கதவுப் பலகைகளுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் மிக முக்கியமானது இதுதான், நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பலகை ஏன் உப்பியது? கண்ணாடி இறங்குகிற இடைவெளியால் மழைத் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. எல்லாக் கதவிலும் போகும். உள்ளே ஓடி அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளால் வெளியேற வேண்டும். அந்த ஓட்டைகள் சேற்றாலோ புதுப் பெயின்டாலோ அடைபட்டால் தண்ணீர் தேங்கும். கதவின் உள்தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஈரம் தடுக்கும் மறைப்பு ஒன்று வேண்டும். பெரும்பாலான கார்களில் எப்போதோ கண்ணாடி திருத்தியபோது அதைக் கிழித்து எறிந்திருப்பார்கள். பிறகு பலகை கீழ் விளிம்பால் தண்ணீரை உறிஞ்சும். புதுப் பலகை போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் இதே கதைதான். எனவே முதலில் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறவுங்கள். உங்கள் கார் இப்போதுதான் பெயின்ட் முடித்து வந்திருக்கிறது, கட்டாயம் பாருங்கள். கண்ணாடியை உரசி நிற்கும் றப்பர் பட்டியை மாற்றுங்கள். தடித்த பொலிதீன் தாளைப் பியூட்டைல் என்கிற பிசுபிசுப்பான றப்பர் நாடாவால் கதவில் ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைக் கதவுக்குள்ளே விழுமாறு செருகுங்கள். வழிகிற தண்ணீர் உள்ளேயே விழ வேண்டும்.

அதன் பிறகு பலகை. உப்பிய பலகையை வைத்து அப்படியே கோடு போடாதீர்கள். அதன் ஓட்டைகள் இடம் மாறியிருக்கும். வெளிப்புற வடிவத்துக்கு அதைப் பாருங்கள், கிளிப் ஓட்டைகளைக் கதவிலிருந்தே தடித்த அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள். அசலின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவே போட வேண்டும், பொதுவாக 3 மில்லிமீற்றர். தடிப்புக் கூடினால் கிளிப் பிடிக்காது, கைப்பிடியின் தண்டும் போதாது. எம்.டி.எஃப் என்கிற மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் பாண் மாதிரி ஊறும். எண்ணெய் ஏற்றிய ஹார்ட்போர்ட் அசலுக்குக் கிட்ட. ஆனால் நம் காலநிலைக்கு நான் நீர் தாங்கும் பசையில் செய்த 3 மில்லிமீற்றர் பிளைவுட்டைத்தான் சொல்வேன். மொறட்டுவைத் தச்சர்களிடம் அட்டை மாதிரியைக் கொடுத்தால் நான்கும் சுத்தமாக வெட்டித் தருவார்கள். எல்லா ஓட்டையும் போட்டு முடித்த பிறகு இரண்டு பக்கமும், விளிம்புகளும், ஒவ்வொரு ஓட்டையின் உட்புறமும் வார்னிஷ் பூசுங்கள். பூசிவிட்டுத் துளைபோட்டால் பூசியதில் அர்த்தமில்லை.

மேலே போர்த்துகிற ரெக்சினை வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கைப்பிடியின் வட்டத் தட்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும். அந்தத் துண்டை வெட்டிக் கையோடு புறக்கோட்டைக்குக் கொண்டு போங்கள். கடை வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், வெளியே வந்து பாருங்கள். அசல் அரை மங்கலாக இருக்கும். முச்சக்கரவண்டி இருக்கைக்கு எடுக்கும் பளபளப்பான வகை நிறம் சரியாக இருந்தாலும் காரின் முகத்தையே மாற்றிவிடும். கோடு கோடாக அழுந்தியிருக்கும் வடிவத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல் தெரிந்தால் தைத்தது. நல்ல குஷன் வேலைக்காரர் யாரும் செய்வார். நூல் இல்லாமல் அழுந்தியிருந்தால் அது உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடாக்கி ஒட்டியது, தையல் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதற்கான எந்திரம் குஷன் கடையில் இருக்காது. பி.வி.சி.யில் டயரி உறை, கோப்பு உறை செய்கிற இடங்களில் அதே வகை எந்திரம்தான் இருக்கும். உங்கள் கோட்டு வடிவத்துக்குப் பித்தளையில் அச்சுக் கட்டை செய்து கொடுத்தால் நாலு பலகைக்கு மட்டும் அழுத்தித் தருவார்களா என்பது அந்த முதலாளியின் மனதைப் பொறுத்தது. கேட்டுப் பாருங்கள். பழைய காருக்கு என்று சொன்னால் ஆர்வத்தோடு செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டும்போது முகம் முழுக்கச் சாதாரண கொன்டாக்ட் பசை பூச வேண்டாம். பி.வி.சி.யிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை அந்தப் பசையை நாளடைவில் இளக்கி, வெயிலில் கொப்புளம் எழுப்பும். முகத்தை இழுத்துப் போர்த்து, பின்பக்கம் மடித்த ஓரத்தில் மட்டும் பொலியூரிதேன் பசை போடச் சொல்லுங்கள்.

கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குரோம் கொப்பளிப்பது மேலே தெரிகிற நோய், வேர் அடியில் உள்ள உலோகத்தில். முலாம் கடையில் கொடுத்தால் பழைய குரோமை அமிலத்தில் போட்டு எடுப்பார்கள், அந்த அமிலம் துத்தநாகத்தையும் தின்னும். ஒவ்வொரு குழியையும் தோண்டிச் சுத்தம் செய்து, செம்பால் நிரப்பி, மட்டமாக்கி, நிக்கலும் அதன் மேல் குரோமும் ஏற்றினால்தான் நிற்கும். இங்கே அந்த அளவு பொறுமையோடு செய்பவர்கள் குறைவு. மைனருக்குப் புதுக் கைப்பிடி கிடைப்பதால் நான் வாங்கவே சொல்வேன். கிடைக்காத சின்னச் சின்ன அலங்காரம், எழுத்து, முத்திரை என்றால் செட்டியார் தெருவுக்குப் போங்கள். நகைக்காரர்கள் மெழுகு வார்ப்பில் தினமும் செய்கிற வேலைதான் அது. பித்தளையில் வார்த்து நிக்கல், குரோம் போட்டால் அசலைவிட உறுதி. பித்தளை இறுகும்போது ஒன்று முதல் இரண்டு வீதம் சுருங்கும் என்பதையும், முலாம் ஏறினால் விளிம்பு தடிக்கும் என்பதையும் வார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லுள்ள துளையை வார்ப்பில் எதிர்பார்க்க வேண்டாம், அதைத் தனியே வெட்ட வேண்டும்.

றப்பரில் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டு இயற்கை றப்பர் பெடல் உறைக்கும் புஷ்ஷுக்கும் அருமை. சின்னப் பட்டறைகளிலேயே அச்சுப் போட்டுத் தருவார்கள். ஆனால் வெயிலும் காற்றும் படும் கதவோரத்துக்கு அது வேண்டாம். காற்றிலுள்ள ஓசோன் அதை வெடிக்க வைக்கும். அங்கே ஈ.பி.டி.எம் என்கிற செயற்கை றப்பர் வகைதான். பழைய பட்டியில் நசுங்காத ஒரு இடத்தைத் தேடி, குறுக்கே மெல்லிய துண்டு வெட்டி அளவெடுங்கள். கடையில் கிடைப்பது கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் விறைப்பு என்று இருந்தால் "பிறகு படிஞ்சிடும்" என்பார்கள். பெரும்பாலும் படியாது. கதவு மட்டத்துக்கு வராமல் வெளியே தள்ளி நிற்கும், புதுப் பெயின்ட் உரசும். ஒரு அடித் துண்டு மட்டும் வாங்கி ஒட்டி, கதவை மூடி, கடதாசித் துண்டை நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கதவோர றப்பர்தான் நான் இங்கிலாந்திலிருந்து எடுக்கச் சொல்கிற முதல் பொருள். பாரமும் இல்லை, வடிவமும் சரியாக இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இருக்கைகளைத் திறக்கிறபோது உள்ளே றப்பர் ஏற்றிய முடி மெத்தை இருந்தால் அதைப் பஞ்சுக்கு மாற்றிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே செய்கிற றப்பர் ஏற்றிய தும்பு அதற்கு மிகக் கிட்டிய மாற்று. உட்காரும்போது வரும் உறுதி அப்படியே இருக்கும். ஸ்டியரிங் வளையம், கதவுப் பூட்டின் உள்பாகம், சீட் பெல்ட் பிடிக்கும் இடம் எதையும் யாரும் ரெசினில் ஊற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெடித்த ஸ்டியரிங்கின் மேல் பூச்சை எபொக்சியால் நிரப்பலாம், உள்ளே உள்ள இரும்பு நல்லதாக இருந்தால் மட்டும்.

உங்கள் காருக்கு நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். கதவோர றப்பர், கிளிப்புகள், கைப்பிடிகளுக்கு முதலில் ஓடர் போட்டுவிடுவேன். அவை வருவதற்குள் வடிகால், பொலிதீன், பலகை, ரெக்சின் வேலையை இங்கே முடிப்பேன். வெடித்த இரண்டு குமிழ்களை எபொக்சியால் காப்பாற்றி, இல்லாததை லேத்தில் கடைவேன். எல்லாவற்றையும் மாட்டுகிறபோது இரும்பு ஸ்க்ரூ போடாதீர்கள், வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒரே வருடத்தில் ரெக்சினில் துருக் கறை வடியும். குரோம் போட்ட பித்தளை ஸ்க்ரூவும் அதற்குரிய கிண்ண வளையமும் வாங்குங்கள். குமிழ்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். தண்டில் ஸ்க்ரூவால் பிடிக்கிறதா, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்தால், கடைசல்காரரிடம் எந்த அளவுத் துளையும் எப்படிப்பட்ட பித்தளைப் புஷ்ஷும் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.